யாருக்கும் சொந்தமில்லாத கோடு

பேசாலை என்ற கடலோர ஊரில் பிறந்து, கலியாணம் முடித்த கையோடு இத்தாலியில் உள்ள பலேர்மோவுக்கு வந்து சேர்ந்த செலஸ்ரீனாவை அந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தில் தெரியாதவர்கள் குறைவு. காரணம் அவளுடைய வாய். உண்மையை உள்ளபடி சொல்வது உப்பில்லாமல் கஞ்சி குடிப்பது மாதிரி என்பது அவளுடைய எண்ணம். கோயில் பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், "இத்தாலிச் சுவாமிக்குக் காது கொஞ்சம் மந்தம் பிள்ளை, பாவசங்கீர்த்தனத்திலை நல்லாக் கத்திச் சொல்லவேணும்" என்று சொல்லிவைத்தாள். அந்தப் பெண் தன் பாவங்களை முழுக் கோயிலுக்கும் கேட்கும்படி அறிவித்தபோது, கடைசி வாங்கில் செபமாலையை வாயில் கடித்துக்கொண்டு குலுங்கியவள் அவள்தான். அடுத்த நாளே ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரத்தோடு போய் மன்னிப்பும் கேட்டாள். அதனால் யாருக்கும் அவளோடு நீண்ட காலம் கோபிக்க முடிந்ததில்லை.

கணவன் றோபேட் துறைமுகத்தில், நாப்போலிக்குப் போய்வரும் கப்பல்களின் அறைகளைத் துப்புரவு செய்பவன். மனைவி இருவருக்குமாகச் சேர்த்துப் பேசிவிடுவதால் அவன் வாயைத் திறக்கும் அவசியம் அதிகம் இருந்ததில்லை. செலஸ்ரீனாவுக்கு வேலை சீசா என்கிற பகுதியில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த சிஞ்ஞோரா எர்சிலியா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில். சமையல், துப்புரவு, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். சிஞ்ஞோராவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. முழங்கால்தான் பழுதே தவிர நாக்கு பழுதில்லை. செலஸ்ரீனா சொல்லும் கதைகளில் எது பொய் என்று கண்டுபிடிப்பது அவருடைய காலைப் பொழுதுபோக்கு. கண்டுபிடித்த பிறகும், "பரவாயில்லை, முடிவைச் சொல்" என்பார்.

கொரோனா வந்து ஊர் பூட்டப்பட்டபோது சிஞ்ஞோராவின் மகன் அத்திலியோ செலஸ்ரீனாவை வேலைக்கு வராமல் அவளுடைய வீட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். பயந்த மனிதர். தாய்க்குத் தானே பைக்கற் சூப் காய்ச்சிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். சிஞ்ஞோரா நாள்தோறும் ரெலிபோனில், "செலெஸ்தினா, நோய் என்னைக் கொல்லாது, இந்தச் சூப் கொல்லும்" என்று அழுதார். கோடை தொடங்கி, கெடுபிடிகள் தளர்ந்ததும், ஒரு நிபந்தனையோடு அத்திலியோ அவளைத் திரும்ப அழைத்தார். வீட்டுக்குள் கால் வைக்க முன்னர் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.

செலஸ்ரீனா மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏறியபோது, அத்திலியோ கையுறையும் மாஸ்க்கும் போட்டு, கடலுக்குள் மூழ்கி மீன் பார்க்கிற கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு படியில் நின்றார். அவள் வந்த சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தாள். இருமல் சத்தம் கேட்டதும் அவர் இரண்டு படி மேலே ஓடினார்.

பெட்டிக்குள் விரல் நீளத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக் தகடுகள் இருந்தன. தெரிந்த ஒருவர் மூலம் எடுப்பித்தவை. நோய் வந்து போனால் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி இரத்தத்தில் தங்கியிருக்கும். தகடு அதைப் பிடித்துக் கோடு காட்டும் என்று துண்டுப் பிரசுரம் சொன்னது. அத்திலியோ அவளுடைய விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைத் தகட்டின் குழியில் விட்டு, மேலே மருந்துநீரையும் சொட்டினார். பிறகு இரண்டு பேரும் படிக்கட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தார்கள். எதிர்வீட்டுக் கதவு சத்தமில்லாமல் ஒரு விரற்கடை திறந்தது.

முதலில் 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு விழுந்தது. தகடு வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். கொஞ்சம் கழித்து 'ஜி' என்ற எழுத்துக்கு நேரே, பென்சிலால் கீறி அழித்ததுபோல, இன்னொரு கோடு தெரிந்தது.

அத்திலியோ பிரசுரத்தைத் தலைகீழாகவும் நேராகவும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "அம்மா! செலெஸ்தினாவுக்கு நோய் வந்து போய்விட்டது! இவள் வென்றுவிட்டாள்! இனி இவளுக்கு வராது!"

"எப்போது வந்தது?" என்று உள்ளேயிருந்து சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. "தினமும் ரெலிபோனில் ஒரு மணித்தியாலம் என்னோடு கதைத்தாளே. ஒரு தும்மல்கூட இல்லையே."

செலஸ்ரீனா படியிலிருந்து எழும்பாமல் யோசித்தாள். எனக்கு வந்திருந்தால் நான் யாருக்குக் கொடுத்தேன்? றோபேட்டுக்கா? பூசையில் பக்கத்தில் நின்றவர்களுக்கா? அந்த யோசனை வீட்டுக்குள் போய் ஏப்ரனைக் கட்டும்வரைதான் இருந்தது. பெப்ரவரியில் தனக்குத் தடிமன் பிடித்துத் தும்மியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெப்ரவரியில் பலேர்மோவில் யாருக்குத்தான் தடிமன் பிடிக்காது என்ற கேள்வி அப்போது வரவில்லை.

அந்தத் தடிமன் அதற்குப் பிறகு வளரத் தொடங்கியது. றோபேட்டுக்குச் சொன்னபோது அது மூக்கடைப்பு. பஸ்ஸில் கண்ட சிநேகிதிக்குச் சொன்னபோது காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சொன்னபோது, மூச்சு முட்டி, கண் இருண்டு, கட்டில் தலைமாட்டில் நகரத்தின் காவல் புனிதர் சாந்தா றொசாலியா ரோசாப்பூ முடியோடு வந்து நின்றார்.

"நான் அப்பவே மலைக்கு ஏறி உனக்கும் சேர்த்துத்தான் நேர்த்தி வைச்சனான்" என்றாள் நாகபூசணி. அவள் சைவக்காரி. வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கு வைத்துவிட்டு, மலையில் இருக்கிற றொசாலியா அம்மாவையும் தவறாமல் கும்பிடுகிறவள். பழைய காலத்துக் கொள்ளைநோயிலிருந்து இந்த நகரத்தைக் காத்தவர் என்று ஊரார் நம்பும் புனிதர், ஒரு பேசாலைப் பெண்ணைக் காக்கமாட்டாரா?

"அப்ப அது அம்மா கீறின கோடு" என்றாள் செலஸ்ரீனா, முகத்தை மாற்றாமல்.

அந்தச் செய்தி றோபேட்டுக்கு முன்னரே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த கிழமைகளில் செலஸ்ரீனா ஒரு ராணியைப்போல நடமாடினாள். யாருக்காவது கடையில் வரிசையில் நிற்கவேண்டுமா, செலஸ்ரீனா. யாருடைய வீட்டிலாவது காய்ச்சலா, எட்டிப் பார்த்து வர செலஸ்ரீனா. மாதக்கணக்கில் ஒருவரையும் தொடாமல் கிடந்த சனத்துக்கு, பயமில்லாமல் கட்டிப்பிடிக்க ஓர் ஆள் கிடைத்திருந்தாள். மாஸ்க் அவளுடைய மூக்கிலிருந்து நாடிக்கு இறங்கியது. பிறகு கைப்பைக்குப் போனது.

அருளையாவும் அவளைக் கூப்பிட்டார். ஒருகாலத்தில் கப்பலில் சமையற்காரராக இருந்தவர், இப்போது ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் தனியாக இருந்தார். சுவாசப்பை பழுது. மார்ச் மாதத்திலிருந்து வாசலுக்குள் ஒரு ஆளையும் விட்டதில்லை.

"நீ மட்டும் வரலாம் தங்கச்சி" என்றார் ரெலிபோனில். "அந்தத் துணியை மூஞ்சையிலை கட்டிக்கொண்டு வராதை. மனிசமுகம் பாத்துக் கனகாலம்."

"வாறன் அண்ணை. திங்கள் வாறன். நண்டும் கொண்டுவந்து சமைக்கிறன், நீங்கள் பக்கத்திலை நிண்டு பிழை பிடியுங்கோ" என்றாள் அவள்.

திங்களுக்கு முந்தின ஞாயிறு சிஞ்ஞோரா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்திலியோவும் மனைவி மரிலேனாவும் ஊர் பூட்டப்பட்ட பிறகு முதல்முறையாக உள்ளே வந்து ஒரே மேசையில் உட்காரப் போகிறார்கள். உட்கார முன்னர் எல்லாருக்கும் பரிசோதனை என்று அத்திலியோ சொல்லிவிட்டார். செலஸ்ரீனாவுக்கும் இன்னொரு தரம். "உனக்குக் கோடு வரும் என்று தெரியும், மரிலேனா தன் கண்ணால் பார்க்கட்டும்" என்றார். நான்கு பேருடைய விரலும் குத்தப்பட்டது. நான்கு தகடுகளும் சமையலறைப் பளிங்கு மேசையில் அவரவர் பெயர் சொல்லி வரிசையாக வைக்கப்பட்டன. பெயரை எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அத்திலியோ கைப்பேசியில் மணி வைத்துவிட்டு வைன் திறக்கப் போனார்.

அந்த நேரம் ஓவனுக்குள் வளையப் பாஸ்தா பொங்கி மேலே கருகத் தொடங்கியது. செலஸ்ரீனா சிஞ்ஞோராவுக்காக இரகசியமாக மீனுக்கு மஞ்சளும் மிளகாயும் தடவிக்கொண்டிருந்தாள்; விரல் குத்தக் கூப்பிட்டபோதும் அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் போய்வந்திருந்தாள். கையைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கொதிக்கிற தட்டைத் தூக்கினாள். வைக்க இடம் தேவை. இடதுகையால் நான்கு தகடுகளையும் ஒன்றாக வழித்து, பிஸ்கட் அடுக்குகிற மாதிரி ஒரு சோசரில் போட்டாள். பாஸ்தாவை மேசையில் இறக்கிவைத்த பிறகுதான் செய்த வேலை உறைத்தது.

மணி அடித்தது. எல்லாரும் வந்து சோசரைச் சுற்றி நின்றார்கள். மூன்று தகடுகளில் 'சி' கோடு மட்டும். ஒன்றில் இரண்டு கோடுகள்.

"இது யாருடையது?" என்றார் அத்திலியோ.

"சந்தேகம் என்ன?" என்றாள் மரிலேனா, ஒரு பெருமூச்சோடு. "செலெஸ்தினாவினுடையது."

"ஆமாம்" என்று சொல்ல செலஸ்ரீனா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது: கோடில்லாத தகடுகளில் ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். விரல் குத்திய நேரம், மீன் தடவிய வலதுகையால் அவள் தன் தகட்டை மேசையில் தள்ளிவைத்தபோது ஒட்டியது அது; தகடுகளை வழித்த இடதுகையில் மஞ்சள் இல்லை. அங்கே வேறு யாருக்கும் மஞ்சள் கை கிடையாது.

ஒரு கணம் அவள் யோசித்தாள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் ராணிப் பட்டம் அப்படியே இருக்கும். சொன்னால் போய்விடும். எதைச் சொன்னால் அதிகம் சிரிக்கலாம் என்று கணக்குப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக, உண்மைதான் அதிகச் சுவையாக இருந்தது.

"சிஞ்ஞோர் அத்திலியோ, என்னுடையது இது" என்று மஞ்சள் தகட்டை எடுத்து நீட்டினாள். "இதில் கோடில்லை. அந்தக் கோடு உங்கள் குடும்பத்துக் கோடு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் அத்திலியோ நிமிர்ந்தார். "அப்படியென்றால் என்னுடையதுதான். பெப்ரவரியில் மிலானோவுக்குச் சப்பாத்துக் கண்காட்சிக்குப் போனேனே. நான் வென்றுவிட்டேன்." அவர் மனம் அப்போதே மொந்தெல்லோ கடற்கரைக்குப் போய்விட்டது முகத்தில் தெரிந்தது.

மரிலேனா கதிரையைப் பின்னால் இழுத்தாள். "வந்ததும் வராததுமாக ஒரே கட்டிலில் படுத்தாயே! எனக்குத் தந்திருப்பாயே!"

"இரண்டு பேரும் சண்டை பிடிக்கவேண்டாம்" என்றார் சிஞ்ஞோரா. "அதை எனக்குத் தாருங்கள். என் வயதில் யார் எனக்கு என்ன தருகிறார்கள்?"

அத்திலியோ திரும்பவும் ஊசியை எடுத்தார். பாஸ்தா ஆறிப்போகும், சாப்பிட்டு முடியும்வரை இந்த வீட்டில் யாரும் யாரையும் குத்தக்கூடாது என்று சிஞ்ஞோரா கைத்தடியால் நிலத்தில் தட்டினார். அவர்கள் சன்னல்களைத் திறந்துவைத்து, மேசையின் நான்கு மூலையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி சாப்பிட்டார்கள். சிஞ்ஞோரா மட்டும் மீனை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்.

பின்னேரம் பால்கனியில் நின்று செலஸ்ரீனா தன் அக்காவின் மகள் ஜெனனியைக் கூப்பிட்டாள். ஜெனனி ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தாள். சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தாள். மாஸ்க் கைப்பையில் இருக்கிறது என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"சின்னம்மா, உங்களுக்கென்ன விசரே? நாளைக்கு அருளையா மாமா வீட்டை போகப்போறன் எண்டுறியள்!"

"ஓமடி. எனக்குத்தானே கோடு விழுந்தது."

"இண்டைக்கு விழேல்லைத்தானே. அது ஆர் கீறின கோடு, ஆர் அழிச்சது?"

செலஸ்ரீனா உள்ளே போய், எல்லாரும் நாளைக்கு ஜெனனியிடம் வந்து இரத்தம் கொடுக்கவேண்டும் என்றாள்.

அடுத்த நாள் காலை நான்கு பேரும் ஜெனனி வேலை செய்த இடத்தில் கை நீட்டி, நாளத்திலிருந்து குழாய் நிறைய இரத்தம் கொடுத்தார்கள். அத்திலியோவுக்குத் தலை சுற்றியது. பெரிய இயந்திரத்தில் வைத்துப் பார்த்த முடிவு இரண்டு மணித்தியாலத்தில் வந்தபோது, நான்கு பேருக்குமே பிறபொருளெதிரி இல்லை. அந்தக் கோடு ஒருவருடையதும் இல்லை.

ஜெனனி தெருமுனைப் பாரில் கோப்பி குடித்தபடி சின்னம்மாவுக்குச் சொன்னாள். "ஒரு ஆயிரம் பேர் எண்டு வையுங்கோ. எங்கடை ஊரிலை இப்ப உண்மையா வந்து போனது பத்துப் பேருக்கு எண்டு வைப்பம். அந்தச் சாமான் நூறு பேரிலை அஞ்சு பேரைச் சும்மா பிடிச்சா, ஆயிரத்திலை அம்பது பேர். மொத்தம் அறுபது பேருக்குக் கோடு. அதிலை பத்துப் பேர்தான் சரியான ஆக்கள்."

"மிச்ச அம்பது பேரும்?"

"உங்களைப்போலை மாஸ்க்கைக் கழட்டிப்போட்டுத் திரிவினம்."

"அப்ப அது பழுதான சாமானே?"

"பழுதெண்டில்லை. அதே சாமானை வடக்கிலை, கனபேருக்கு நோய் வந்த ஊரிலை வைச்சுப் பாத்தா, கோடு விழுந்த ஆக்களிலை கனபேர் உண்மையா வந்த ஆக்களா இருப்பினம். இஞ்சை நோய் குறைவு, அதாலை பொய் கூட. அதோடை அது பழைய கதையைத்தான் சொல்லும். இப்ப ஆரிலை நோய் இருக்கெண்டு சொல்லாது. கோடில்லை எண்டு மேசையிலை சேர்ந்து இருந்ததும் பிழைதான்."

செலஸ்ரீனா கோப்பிக் கோப்பையைச் சுற்றினாள். தன்னைவிட நன்றாகப் பொய் சொல்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிட, இந்தக் கிழமைகள் முழுக்கத் தான் கட்டிப்பிடித்த ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பயம் அப்போதுதான் சரியாகப் பிடித்தது.

அன்று மத்தியானம் நண்டோடு அருளையாவின் வாசலுக்குப் போனாள். மூக்கும் வாயும் மூடிக் கட்டியிருந்தாள்.

"ஏன் துணி? உன்னைக் கழட்டிப்போட்டெல்லோ வரச் சொன்னனான்?" என்றார் அவர்.

"கோடு போயிட்டுது அண்ணை."

"எங்கை போனது?"

"வரவே இல்லையாம். நீங்கள் உங்கடை அறையிலை இருங்கோ, கதவுக்குள்ளாலை பிழை பிடியுங்கோ. சன்னல் எல்லாம் திறக்கப்போறன்."

அருளையா முழுநேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அறையிலிருந்து, "புளி கூடிப்போச்சு, மணத்திலையே தெரியுது" என்று கத்தத் தவறவில்லை. அவள் சமைத்த நண்டை அவருடைய அறை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கியபின்தான் அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ரெலிபோன் எடுத்து, புளி சரியாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொண்டார்.

கோயில் முற்றத்தில் தன் பட்டத்தை இறக்கிவைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. சனம் நம்ப மறுத்தது. ஆயிரம் பேர், அறுபது பேர் என்று ஜெனனி சொன்னதை அவள் ஒப்புவித்தபோது, வழக்கம்போல அளக்கிறாள் என்று சிரித்தார்கள். நாகபூசணி விட்டே கொடுக்கவில்லை. "கோடு விழுந்ததும் அம்மாவின்ரை புதுமை, கோடு அழிஞ்சதும் அம்மாவின்ரை புதுமை. நான் நேர்த்தியைக் கழிக்கத்தான் போறன்" என்று மலைக்கு ஏறிவிட்டு வந்தாள். செலஸ்ரீனா ஒவ்வொரு வீடாக ரெலிபோன் எடுத்து, மாஸ்க்கைப் போடுங்கோ, என்னை நம்பாதையுங்கோ என்று சொன்னாள். அவள் கட்டிப்பிடித்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அதற்காக அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

நோய் உண்மையாக வந்தது கார்த்திகை மாதத்தில். றோபேட் கப்பலிலிருந்து காய்ச்சலோடு வந்தான். மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்க்கிற தம்போனேயில் இருவருக்கும் நோய் என்று வந்தது. இந்தத் தடவை செலஸ்ரீனாவுக்குக் கதை சொல்ல மூச்சு இருக்கவில்லை. கட்டில் தலைமாட்டில் யாரும் வந்து நிற்கவும் இல்லை. றோபேட்தான் வெந்நீரோடு நின்றான். கருவாடு பொரித்தபோது மணம் தெரியாமல், புகை எழும்பி அயலவர் கதவைத் தட்டும்வரை அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சுகப்பட்டு, திரும்பவும் தம்போனே செய்து, ஒன்றும் இல்லை என்று வந்த பிறகே சீசாவுக்குப் போனாள்.

அத்திலியோ பெட்டியின் அடியில் கடைசியாக ஒரு தகட்டை மிச்சம் வைத்திருந்தார். "இப்போது பார்ப்போம், இப்போது கட்டாயம் விழும்" என்று விரலைக் குத்தினார். சிஞ்ஞோராவும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். 'சி' கோடு மட்டும் விழுந்தது. அவர்கள் பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'ஜி' பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

செலஸ்ரீனா கதிரையில் உட்கார்ந்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பானது. "சாகக் கிடந்தேன் சிஞ்ஞோரா! இது எனக்கு ஒன்றுமே வரவில்லை என்கிறது!"

ஜெனனியிடம் கேட்டபோது, உண்மையாக வந்த ஆட்களிலும் சிலரை அது தவறவிடும், எல்லாருடைய இரத்தமும் ஒரே மாதிரிச் சாட்சி சொல்லாது என்றாள். அத்திலியோ வெற்றுப் பெட்டியைக் குப்பையில் போட்டார். சிஞ்ஞோராவுக்குத்தான் கவலை. அந்த ஞாயிறுபோல ஒரு ஞாயிறு இனி வராதே என்றார்.

அடுத்த வருடம், கண்காட்சி மைதானத்தில் தடுப்பூசி போட்டார்கள். செலஸ்ரீனாவும் றோபேட்டும் வெயிலில் நின்று உள்ளே போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் வைத்தியர் அவளைப் பார்த்து, "சிஞ்ஞோரா, உங்களுக்குக் கோவிட் வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

றோபேட் நெற்றியில் கை வைத்தான். வரிசை நீளமாக இருந்தது, பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்திருந்தார்கள். செலஸ்ரீனா கதிரையை முன்னுக்கு இழுத்து, கைப்பையை மடியில் வைத்து, வசதியாக உட்கார்ந்தாள்.

"தொத்தோரே, எங்கேயிருந்து தொடங்க?" என்றாள்.